கன்றுக்கு எத்தனை நாள் வயது? இளங்கன்றுகளைக் குடல் ஒட்டுண்ணிகளிடமிருந்து காக்க ஒரு வழிகாட்டி

முப்பத்தெட்டு நாள் வயதுக் கன்று ஒன்று கழிந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பூச்சியாகத்தான் இருக்கும் என்று குடற்புழு மருந்தைப் புகட்டினேன். கழிச்சல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் அதே மருந்து. ஐந்தாம் நாள் காலையில் கன்று வாலைத் தூக்கியபடி முக்கிக்கொண்டே நின்றது. சாணம் வரவில்லை, சளியும் ரத்தமும் சொட்டுச் சொட்டாக விழுந்தன. வால் மயிரில் ரத்தம் காய்ந்து கயிறுபோல் திரிந்திருந்தது. அன்றுதான் கால்நடை மருத்துவரை அழைத்தேன். சாணத்தைப் பரிசோதித்ததில் புழு முட்டை ஒன்றுகூட இல்லை. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற நுண்ணுயிரிதான் நிறைந்திருந்தது. நான் கொடுத்த மருந்துக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. கன்று பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கன்றிடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை, முதன்முதலாகக் கன்று வளர்க்க இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். கழிச்சலைக் கண்டதும் எந்த மருந்து என்று தேடுவதற்கு முன்னால், இந்தக் கன்றுக்கு இன்று எத்தனை நாள் வயது என்று பாருங்கள். குடல் ஒட்டுண்ணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. அந்தக் கணக்கு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அவருக்குச் சரியான தகவலைச் சரியான நாளில் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

1. பிறந்த அன்றே ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கன்றுக்கு ஒரு பக்கம். பிறந்த தேதி, நேரம், தாயின் அடையாளம், பிறந்த எடை, சீம்பால் குடித்த நேரம், குடித்த அளவு ஆகியவற்றை எழுதுங்கள். அதே பக்கத்தில் 10ஆம் நாள், 21ஆம் நாள், 30ஆம் நாள் எந்தத் தேதிகளில் வருகின்றன என்பதையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ‘ஏறக்குறைய ஒரு மாதக் கன்று’ என்று மருத்துவரிடம் சொல்வதால் பயன் இல்லை. 18 நாள் கன்றும் 38 நாள் கன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். அவற்றுக்கு வரும் நோய்கள் வேறு.

சீம்பால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, பிறந்த 6 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். முதல் பாதி 2 மணி நேரத்துக்குள் போனால் இன்னும் நல்லது. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். சீம்பால் புழுவைக் கொல்லாது. ஆனால் ஒட்டுண்ணியோடு பாக்டீரியாவும் வைரஸும் சேர்ந்து தாக்கும்போது தாக்குப்பிடிக்கும் தெம்பு அதிலிருந்துதான் வருகிறது.

2. எந்த வயதில் எது வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் நான்கைந்து நாட்களில் வரும் கழிச்சல் பெரும்பாலும் ஒட்டுண்ணியால் வருவதில்லை. பாக்டீரியாவையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

5ஆம் நாள் முதல் ஏறத்தாழ மூன்று வாரம் வரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் காலம். மஞ்சளாக, தண்ணீராகப் பீய்ச்சும். ரோட்டா, கொரோனா வகை வைரஸ்களும் இதே வயதில் இதே மாதிரிதான் கழியவைக்கும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

இதே நாட்களில் ஓசையில்லாமல் வளர்வது டாக்ஸோகாரா விட்டுலோரம் என்ற பெரிய உருண்டைப்புழு. எருமைக் கன்றுகளை இது அதிகம் தாக்கும். இதன் இளம்புழுக்கள் தாயின் தசையிலும் ஈரலிலும் உறங்கிக் கிடக்கின்றன. ஈனும் சமயத்தில் விழித்துக்கொண்டு மடிக்கு வந்து, பாலோடு கன்றின் குடலுக்குள் போய்விடுகின்றன. கொட்டில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது வரும் என்பதை நான் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. மூன்று நான்கு வாரத்தில் புழு முதிர்ந்து முட்டையிடத் தொடங்கும். களிமண் நிறத்தில் நாற்றமடிக்கும் சாணம், உப்பிய வயிறு, பொலிவிழந்து சிலிர்த்த முடி, சில கன்றுகளின் மூச்சில் ஒரு புளித்த வாடை ஆகியவை அடையாளங்கள். பால் குடித்தும் கன்று சவலையாகவே இருக்கும். மருந்து கொடுத்த மறுநாள் ஒரு கன்றின் சாணத்தில் இந்தப் புழுவை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு சாணுக்கு மேல் நீளம், பென்சில் தடிமன், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியும் அளவுக்கு வெளுப்பு. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத வயிற்றில் அப்படிப்பட்டவை பதினான்கு இருந்தன.

மூன்று வாரத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை ஐமீரியாவின் காலம். இதன் முட்டை போன்ற கூடு வாய்வழியாக உள்ளே போய் ஏறத்தாழ 15 முதல் 21 நாள் கழித்துத்தான் கழிச்சல் தெரியும். ஆகவே மூன்று வாரம் நிறையாத கன்றுக்கு ஐமீரியா கழிச்சல் வருவது அபூர்வம். தாயிடமிருந்து பிரித்தது, வேறு கொட்டிலுக்கு மாற்றியது, புதிய கன்றுகளோடு கலந்துவிட்டது, வானிலை திடீரென்று மாறியது, இப்படி ஏதாவது ஒன்று நடந்து இரண்டு மூன்று வாரத்தில் இது தலைகாட்டும்.

மேயத் தொடங்கிய கன்றுகளுக்கு இரைப்பை, குடல் உருண்டைப்புழுக்களும் நாடாப்புழுவும் வரும். சாணத்தில் அரிசிபோல் நெளியும் துண்டுகள் நாடாப்புழுவினுடையவை. பார்க்க அருவருப்பாக இருந்தாலும், முன் சொன்ன மூன்றின் அளவுக்கு இது கன்றைக் கெடுப்பதில்லை.

3. மருந்துக்கு முன் சாண மாதிரி எடுங்கள்

கையுறை அணிந்து, விரலில் சிறிது எண்ணெய் தடவி, கன்றின் குதத்திலிருந்து நேரடியாக எடுங்கள். 5 முதல் 10 கிராம் போதும். தரையில் கிடப்பதை அள்ளாதீர்கள். மண்ணில் தானாக வாழும் புழுக்கள் அதில் ஏறிவிடும். எந்தக் கன்று போட்டது என்பதும் நிச்சயமில்லை. மூடியுள்ள சிறிய டப்பாவில் காற்று நிற்காதபடி நிரப்பி மூடுங்கள். குளிர்ச்சியாக வைக்க வேண்டும், உறையவைக்கக் கூடாது. முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். வெயிலில் கிடந்த டப்பாவுக்குள் முட்டைகள் பொரிந்து எண்ணிக்கையே மாறிவிடும்.

டப்பாவின் உடலில் கன்றின் எண், வயது நாட்களில், எடுத்த தேதி, ஏற்கனவே கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடிகள் மாறிப்போகும். கன்றுக்கு மூன்று வாரத்துக்குக் குறைவான வயது என்றால் கிரிப்டோஸ்போரிடியத்தையும் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். அதற்குச் சிறப்புச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமான புழு முட்டைப் பரிசோதனையில் அது தப்பிவிடும்.

முடிவைப் படிப்பதிலும் வழுக்கி விழ இடம் உண்டு. 15 நாள் கன்றின் சாணத்தில் டாக்ஸோகாரா முட்டை இல்லை என்றால் புழு இல்லை என்று பொருளல்ல. அது இன்னும் முட்டையிடும் வயதுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஐமீரியாவிலும் அப்படியே: கழிச்சல் முந்திக்கொள்ளும், கூடுகள் ஓரிரு நாள் பின்தங்கி வரும். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து இன்னொரு மாதிரி கொடுங்கள். மறுபுறம், துள்ளித் திரியும் கன்றின் சாணத்தில் நாலைந்து ஐமீரியா கூடுகள் தெரிந்தால் உடனே மருந்தைத் தேடி ஓட வேண்டாம்.

4. எடையைக் கணக்கிட்ட பிறகே அளவை முடிவு செய்யுங்கள்

தராசு இல்லாவிட்டால் டேப் போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுங்கள். முன்தோள் முனையிலிருந்து பின்புறத்து இருக்கை எலும்பு முனை வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கிடைக்கும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவு 76, நீளம் 66 என்றால் எடை சுமார் 35 கிலோ.

இப்போது புட்டியைப் பாருங்கள். ஒரே மருந்து 2.5 சதவீதத்திலும் வரும், 10 சதவீதத்திலும் வரும். கிலோவுக்கு 7.5 மி.கி. என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் 35 கிலோ கன்றுக்குச் சுமார் 262 மி.கி. தேவை. 2.5 சதவீத மருந்தில் (ஒரு மி.லி.யில் 25 மி.கி.) இது 10.5 மி.லி. 10 சதவீத மருந்தில் 2.6 மி.லி. மட்டுமே. ‘போனமுறை பத்து மில்லி கொடுத்தோம்’ என்று புதுப் புட்டியிலிருந்தும் அதே பத்தை ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். லெவமிசோல் போன்ற குடற்புழு மருந்துகளுக்குப் பாதுகாப்பு எல்லை குறுகலானது. மிகுந்த அளவு கன்றை வாயில் நுரைதள்ள வைத்து நடுங்கச் செய்யும். குறைத்துக் கொடுத்தாலோ பிழைத்த புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

புகட்டும்போது கன்றின் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். மூக்கு கண்ணுக்கு மேலே போகக் கூடாது. கடைவாய் ஓரமாக, விழுங்க நேரம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நுரையீரலுக்குள் போன மருந்து எந்தப் புழுவையும்விட வேகமாகக் கன்றைக் கொல்லும்.

5. இரண்டாம் வாரத்து மருந்தைத் தவறவிடாதீர்கள்

டாக்ஸோகாரா உள்ள இடங்களில் கன்றுக்கு முதல் குடற்புழு நீக்கம் 10 முதல் 16 நாளுக்குள் நடக்க வேண்டும். இந்த நாட்களுக்குக் காரணம் இருக்கிறது. இளம்புழுக்கள் பெரும்பாலும் ஈன்ற முதல் வாரத்துப் பாலில்தான் வருகின்றன. பத்து நாள் காத்திருந்தால் வரவேண்டியவை ஏறக்குறைய வந்து சேர்ந்திருக்கும். ஆனால் எதுவும் முட்டையிடத் தொடங்கியிருக்காது. மூன்றாம் நாளே கொடுத்தால் பின்னால் வருபவை தப்பிக்கும். இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தால் கொட்டில் மண்ணில் முட்டை பரவி முடிந்திருக்கும். அந்த முட்டை ஓடு கெட்டியானது. மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதைத் தின்னும் கிடேரியின் உடலில் இளம்புழு உறங்கப் போய்விடும். அந்தக் கிடேரி ஈனும்போது அதன் கன்றுக்குப் பால்வழியே வரப்போவது அதுதான்.

உறங்கும் இந்த இளம்புழுக்களை, தாய்க்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் குடற்புழு மருந்து ஒழிப்பதில்லை. தாய்க்கு மருந்து கொடுத்தாயிற்று என்று கன்றை விட்டுவிடாதீர்கள்.

பைரன்டல், லெவமிசோல், ஃபென்பெண்டசோல் போன்றவற்றில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். வயிறு மிகவும் உப்பி, வலியில் உதைத்துக்கொள்ளும் கன்றுக்கு நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள். ஏராளமான புழுக்கள் ஒரே நேரத்தில் செயலிழந்து குடலை அடைத்துவிடக்கூடும். அடுத்தடுத்த மருந்துகளைச் சாணப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்வதே சிறந்தது.

6. ரத்தக் கழிச்சலில் ரத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள்

என் கன்றைக் கொண்டுபோன நோய் இது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். குடற்புழு மருந்துகள் ஐமீரியாவைத் தொடாது. இது புழுவே அல்ல, குடல் சுவரின் செல்லுக்குள் புகுந்து பெருகும் ஒற்றைச்செல் உயிர். ஐமீரியா போவிஸ் என்ற இனத்தின் முதல் தலைமுறையில் ஒரே ஒரு பெருக்கப் பையிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் வெளிவரும். அவை பெருங்குடலின் செல்களுக்குள் புகுந்து, அடுத்த தலைமுறைகள் அந்தச் செல்களை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் நாம் ரத்தத்தைப் பார்க்கிறோம். அதாவது ரத்தம் தெரியும் நாளில் ஒட்டுண்ணியின் வேலை பெரும்பகுதி முடிந்திருக்கும். அன்று கொடுக்கும் மருந்து மற்ற கன்றுகளைக் காப்பாற்றும். அந்தக் கன்றின் குடல் ஆறுவதற்கு நாள் ஆகும்.

ஆகவே உங்கள் கொட்டிலில் எந்த வயதில் இது வருகிறது என்பதை நோட்டில் பாருங்கள். இரண்டு மூன்று கன்றுகளுக்கு 35ஆம் நாளையொட்டி வந்திருந்தால், அடுத்த கன்றுகளுக்கு அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னால் மருந்து கொடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். டோல்ட்ராசுரிலும் டிக்ளாசுரிலும் ஒரே வேளை மருந்துகள். ஆம்ப்ரோலியம் என்றால் சிகிச்சைக்கு 5 நாள், தடுப்புக்கு 21 நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். இடையில் ஒரு நாள்கூட விடக் கூடாது. ஒரு கன்றுக்கு நோய் கண்டால் அதே கூட்டத்தில் உள்ள எல்லாக் கன்றுகளும் அதே சாணத்தை மிதித்தவை என்பதை மறக்க வேண்டாம். சிகிச்சையை எல்லாவற்றுக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

முக்கி முக்கிக் குதம் வெளியே தள்ளிவிட்டாலும், கன்று நடுங்கி விழுந்து வலிப்பு கண்டாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

7. கழியும் கன்றுக்கு முதல் மருந்து தண்ணீர்

எந்த ஒட்டுண்ணியாக இருந்தாலும் இளங்கன்றைச் சாய்ப்பது உடலில் நீர் வற்றுவதுதான். கழுத்துத் தோலைக் கிள்ளிவிடுங்கள். 2 நொடியில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால் நீர் வற்றத் தொடங்கிவிட்டது. கண் குழிவிழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய்க்குள் விரலை விடுங்கள்: சப்புகிறதா, வாய் சூடாக இருக்கிறதா?

சப்பும் கன்றுக்குக் கன்றுகளுக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலை வெதுவெதுப்பாக, ஒரு வேளைக்கு 2 லிட்டர் வரை, நாளுக்கு இரண்டு மூன்று முறை கொடுங்கள். பாலோடு கலக்க வேண்டாம்; இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பாலை நிறுத்தவும் வேண்டாம். கழிகிறதே என்று பாலை நிறுத்தினால் கன்று பட்டினியில் துவண்டுவிடும். கரைசலில் இருக்கும் சக்தி ஒரு கன்றுக்குப் போதாது.

வாய் குளிர்ந்து, சப்பாமல், எழுந்து நிற்காமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ரத்தக் குழாய் வழியே திரவம் ஏற்றுவதற்கு உடனே மருத்துவர் வேண்டும்.

கிரிப்டோஸ்போரிடியத்துக்குத் தரப்படும் ஹாலோஃபுஜினோன் பற்றி ஓர் எச்சரிக்கை. அது பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டிய மருந்து. நீர் வற்றிய கன்றுக்கும், 24 மணி நேரத்துக்கு மேல் கழிந்துகொண்டிருக்கும் கன்றுக்கும் கொடுக்கக் கூடாது. இரண்டு மடங்கு அளவு போனாலே நஞ்சாகிவிடும்.

8. கொட்டிலைக் காய வையுங்கள்

ஃபீனைலும் பிளீச்சிங் பவுடரும் தெளித்தால் தீர்ந்தது என்று நானும் நம்பினேன். ஐமீரியா கூடு, கிரிப்டோஸ்போரிடியம் கூடு, டாக்ஸோகாரா முட்டை ஆகிய மூன்றும் அவற்றைத் தாங்கி நிற்பவை. கொதிநீரும் நீராவியும் முழுமையாகக் காய்வதும்தான் அவற்றைக் கொல்லும். முதலில் படுக்கையை அள்ளி வெளியேற்றுங்கள். பிறகு ஒட்டிய சாணத்தைச் சுரண்டுங்கள். சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்த கன்றை விடுங்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாயால் அடித்தால் பக்கத்து அறைக்கும் கூடுகள் தெறிக்கும்.

ஐமீரியா கூடு சாணத்தோடு வெளியே வந்ததும் தொற்றாது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்துச் சில நாள் ஆக வேண்டும். ஆகவே தினமும் சாணம் அள்ளி, படுக்கையை உலர்வாக வைத்தால் அதன் சங்கிலி அறுபடும். கிரிப்டோஸ்போரிடியம் வெளியே வரும்போதே தொற்றும் நிலையில் இருக்கிறது. அதற்குத் தனி அறை ஒன்றே வழி.

தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் கன்றின் கால் ஏற முடியாத உயரத்தில் இருக்கட்டும். வேலையைச் சின்னக் கன்றில் தொடங்கிப் பெரியதற்குப் போங்கள், நோயுற்றது கடைசி. அதன் வாளியும் காலணியும் தனி.

9. உங்கள் கையையும் கவனியுங்கள்

கிரிப்டோஸ்போரிடியம் மனிதருக்கும் தொற்றும். கழியும் கன்றைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள். கிருமிநாசினித் திரவம் கையில் தேய்த்தால் இதற்குப் போதாது. சிறு குழந்தைகளையும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களையும் கழியும் கன்றின் அருகே விடவே வேண்டாம்.

10. காகிதங்களும் செலவும்

மருத்துவரின் சீட்டு, ஆய்வக முடிவு, மருந்து வாங்கிய பில் ஆகியவற்றைக் கன்றின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். புட்டியின் தொகுதி எண், காலாவதித் தேதி, கொடுத்த அளவு, கொடுத்த நாள் ஆகியவற்றையும் எழுதுங்கள். கறவை மாட்டுக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாள் பாலை மனிதர் பயன்படுத்தக் கூடாது என்பது லேபிளில் இருக்கும். அதைச் சிவப்பு மையில் குறித்துவையுங்கள்.

வெளியிலிருந்து கன்று வாங்கினால் பிறந்த தேதி, கடைசியாகக் கொடுத்த குடற்புழு மருந்து, அதன் தேதி ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால், எதுவும் கொடுக்கப்படாத கன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் தனியே கட்டி, சாணம் பார்த்த பிறகு மற்றவற்றோடு விடுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சாணப் பரிசோதனை மிச்சம் பிடிக்கும் இடமல்ல. தவறான மருந்துக்கு இரண்டு முறை நான் கொடுத்த பணத்தில் அந்தப் பரிசோதனையைச் செய்து மீதியும் வைத்திருக்கலாம். நலமாக உள்ள, ஒரே வயதுக் கன்றுகள் ஐந்தாறு இருந்தால் சம அளவு சாணத்தைக் கலந்து ஒரே மாதிரியாகப் புழு முட்டைக்குப் பார்க்கச் சொல்லலாம். நோயுற்ற கன்றுக்கு மட்டும் அது கூடாது. அதற்குத் தனி மாதிரிதான்.

குடற்புழு மருந்து கொடுத்த 14ஆம் நாள் அதே கன்றின் சாணத்தை மறுபடியும் எண்ணச் சொல்லுங்கள். மருந்துக்கு முன் எண்ணியதோடு ஒப்பிட்டால் முட்டைகள் 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் முதலில் எடையையும் அளவையும் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தால் உங்கள் கொட்டில் புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டன. நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், வேறு வகை மருந்து எழுதச் சொல்லுங்கள்.